ஒற்றைக் காலில் நில்லுங்கள், பார்ப்போம்!

மாங்காட்டில் குடியிருப்பவனுக்கு ஒரு சௌகரியம். ‘வீடு எங்கே?’ என்று யார் கேட்டாலும் ‘காமாட்சி அம்மன் கோயில் பக்கம்’ என்றால் போதும். அசௌகரியம், ஆபீஸ் அம்பத்தூர் எஸ்டேட்டில் இருந்தால் வீடு வந்து சேர்வதே ஒரு தவம்.

அதனால்தான் போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் எங்கள் செக்‌ஷன் பையன் பைக்கை நிறுத்தி, “ஏறுங்க சார், குன்றத்தூர்தான் போறேன், வழியில இறக்கி விட்டுடறேன்” என்றபோது மறுபேச்சில்லாமல் தொற்றிக்கொண்டேன்.

வானகரம் தாண்டும்வரை பையனை மனசுக்குள் மெச்சிக்கொண்டே வந்தேன். முள் இருபத்தைந்துக்கு மேல் ஏறவில்லை. தண்ணி லாரி, காலேஜ் பஸ், டி.வி.எஸ். ஃபிஃப்டியில் இளநீர்க் குலையோடு ஒரு பெரியவர், எல்லோரும் எங்களை முந்தினார்கள். இந்தக் காலத்தில் இப்படி ஒரு பிள்ளையா! எனக்குப் பெண் இருந்தால் கொடுத்திருப்பேன். சட்டையில் மட்டும் ஈரச் சருகைக் கொளுத்தின மாதிரி ஒரு வாசனை.

குமணன்சாவடியில் மாங்காட்டு ரோட்டுக்குத் திரும்பினோம். முன்னால் போன பஸ்ஸின் முதுகையே பார்த்துக்கொண்டு ஓட்டினான், சந்நிதியில் நிற்கிற பக்தன் மாதிரி. ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கிய யூனிஃபார்ம் போட்ட சின்னப் பெண் ஒன்று ரோட்டில் இறங்கியது. “டேய்!” என்று கத்தித் தோளை உலுக்கினேன். அப்படியும் அவன் பிரேக் பிடிக்க ஒரு யுகம் ஆயிற்று. ஹேண்டில்பார் அந்தக் குழந்தையின் புத்தகப் பையை உரசிக்கொண்டு போய் நின்றது. அவள் அம்மா எங்களைத் திட்டியதை இங்கே அச்சிட முடியாது. அத்தனையும் நியாயமான வார்த்தைகள்.

டீக்கடையில் விசாரணை.

“குடிச்சிருக்கியாடா?”

“ஐயோ, தண்ணியே தொடறதில்ல சார். கிளம்பறப்போ ரெண்டு இழுப்பு. வெறும் இலை சார் அது. போலீஸ் ஊதச் சொன்னாலும் மெஷின்ல காட்டாது.”

மெஷின் விஷயத்தில் அவன் சொன்னது வாஸ்தவம். அது மதுவைத்தான் மோப்பம் பிடிக்கும். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமைத் தாண்டினால் மாட்டிக்கொள்வீர்கள். ஆனால் மோட்டார் வாகனச் சட்டத்தின் அதே 185-ஆவது பிரிவில் போதைப் பொருளும் இருக்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு முதல் தடவைக்கே பத்தாயிரம் ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை ஜெயில். இரண்டும் சேர்ந்தும் கிடைக்கலாம். கஞ்சா இழுத்ததற்கு 1985-ஆம் வருஷத்துப் போதைப் பொருள் சட்டம் தனியாகக் காத்திருக்கிறது.

கஷ்டம், அளப்பதில். 1964-ல் இஸ்ரேலில் மெசூலமும் கவோனியும் பிரித்தெடுத்த டி.ஹெச்.சி.தான் இதில் தலைக்கு ஏறும் சமாசாரம். அது கொழுப்பில் கரையும். ரத்தத்தில் சட்டென்று குறைந்துவிட்டு, உடம்பில் ஒளிந்துகொண்டு நாள்கணக்கில் கசியும். ஆகவே ரத்தம் சொல்லும் எண்ணும் தலையின் கிறுகிறுப்பும் ஒத்துப்போவதில்லை. 2018-ல் கஞ்சாவைச் சட்டப்படி அனுமதித்த கனடாவே, வண்டி ஓட்டுபவர் ரத்தத்தில் மில்லிக்கு 2 நானோகிராம் இருந்தால் குற்றம் என்று கோடு போட்டிருக்கிறது. அமெரிக்கப் போலீஸ், சந்தேகப்பட்டால் ரோட்டோரம் இறக்கி ஒற்றைக் காலில் நிற்கச் சொல்கிறது. (எங்கள் ஊர் அம்மன் அக்னி நடுவில் ஒற்றைக் காலில் தவமிருந்தவள். நம் பையனால் டீக்கடை பெஞ்சைப் பிடிக்காமல் இரண்டு காலிலேயே நிற்க முடியவில்லை.)

“குடிச்சவன் கன்னாபின்னான்னு பறப்பான் சார். நாங்க மெதுவாத்தானே போறோம்?”

வில்லங்கமே அங்கேதான். ஏறியிருப்பது தெரிவதால் வேகத்தைக் குறைத்துக்கொள்கிறார்கள், சரி. கவனத்தைக் கூட்டிக்கொள்ள முடியுமா? கஞ்சா மூளை ஒன்றைப் பிடித்தால் மற்றதை விட்டுவிடும். மாங்காட்டு ரோட்டிலோ பஸ், பள்ளம், பசுமாடு, ராங் சைடில் வருகிற மகானுபாவர், எல்லாம் ஒரே விநாடியில் தரிசனம் தருவார்கள். கண் பார்த்தாலும் கை லேட். புகைத்தால் மூன்று நாலு மணி நேரம் இந்த லட்சணம், சிலருக்கு அதற்கு மேலும். தின்றால் ஏறவே ஒரு மணி நேரமாகும், இறங்க ரொம்ப நேரம். கூடவே ஒரு பீரும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

சாவியைப் பிடுங்கிக்கொண்டு அவனை ஷேர் ஆட்டோவில் ஏற்றினேன். வீட்டில் என் சட்டையை முகர்ந்து பார்த்துவிட்டு மனைவி கேட்ட கேள்விகள் தனிக் கட்டுரை.

திங்கட்கிழமை தலையைச் சொறிந்துகொண்டு சாவிக்கு வந்தான்.

“சாரி சார். அன்னிக்கு என்னால நீங்களும் அந்தம்மாகிட்ட திட்டு வாங்கினீங்க.”

“திட்டு கிடக்கட்டும்டா. அந்தப் பொண்ணை நினைச்சா இன்னும் எனக்குத் தூக்கம் வரல.”

“எந்தப் பொண்ணு சார்?” என்றான்.