சிறார் நாவும் வசைமொழியும்

1956-ஆம் ஆண்டிற் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தோன்றியபின், பல ஊராரும் பல மொழியினருங் குடியேறி வாழும் நெய்வேலி நகரியத்து வட்டங்களில், சிறார் விளையாடுங்காற் புதுச்சொற்கள் பலவற்றைக் கற்கின்றனர். அவற்றுள் வசைமொழியும் உண்டு. பொருளறியாப் பிள்ளை அதனைக் கூறக்கேட்டு நகைக்கும் பெற்றோர் அதற்குப் பரிசளித்தவராவர். வைதுகொண்டே அடிப்பவரோ அதனையே மீண்டுங் கற்பித்தவராவர். இவ்விரண்டுந் தகா என்பது எம் கருத்து.

முகங்கடுக்காது, "இச்சொல் பிறரைப் புண்படுத்தும், சினம் வந்தால் எனக்குக் கோபம் என்று மட்டும் சொல்" எனப் பயிற்றுதலே நன்று. அவையிற் கூறத்தகாததனைத் தகுந்த வேறு சொல்லாற் கூறுதலை இடக்கரடக்கல் என்று நன்னூல் வகுத்துள்ளது. ஆதலின், தடுத்தலோடு நில்லாது மாற்றுச்சொல் அளித்தல் தமிழர்க்குப் புதிதன்று. ஆயினும், இரவுப்பணி முடித்துக் களைத்து வருவோர் இல்லத்தில் தம் நாவைக் காவாராயின், பிள்ளைக்குக் கூறும் அறிவுரையாற் பயன் யாது?