வீட்டு மராமத்து: துணி நகரவில்லையா? பல்லைப் பாருங்கள்

"தையல் மிஷின் துணியைத் தள்ளவே மாட்டேன் என்கிறது. தள்ளினாலும் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போகிறது. என்ன செய்யலாம்?" என்று செங்கோட்டை வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்.

ஆனி, ஆடியில் எங்கள் பக்கத்தில் இந்தப் புலம்பல் கேட்காத தெருவே கிடையாது. குற்றாலத்தில் சாரல் விழுந்தால் ஊருக்கெல்லாம் கொண்டாட்டம், மிஷினுக்கு மட்டும் திண்டாட்டம். கணவாய் வழியாக வருகிற ஈரக்காற்று அப்பளத்தை நமுக்க வைக்கிற மாதிரியே மிஷினுக்குள் இருக்கும் பஞ்சையும் நமுக்க வைத்துவிடும். பள்ளிக்கூடம் திறந்து, சீருடை தைத்து முடிக்க வேண்டிய நேரமும் அதுதானே!

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். துணியைத் தள்ளுவது நம் கை அல்ல, ஊசித் தகட்டுக்குக் கீழே இருக்கிற பல். ஊசி துணியை விட்டு மேலே போனதும் பல் எழும்பும், துணியைப் பின்னால் ஒரு தையல் நீளம் தள்ளும், கீழே இறங்கும், பழைய இடத்துக்குத் திரும்பும். இந்த நான்கு அசைவுப் பல்லுக்கு ஆலன் வில்சன் என்ற அமெரிக்கர் 1854-ல் காப்புரிமை வாங்கினார். இன்றைக்கு மோட்டார் வைத்த மிஷினிலும் அதே பல்தான், அதே நடைதான். அது எழும்பாவிட்டால் நாம் என்ன இழுத்தும் பிரயோஜனமில்லை. இழுத்தால் ஊசி வளைந்து, தகட்டில் இடித்து ஒடிவதுதான் மிச்சம்.

மெக்கானிக்கைக் கூப்பிடுவதற்கு முன்னால் ஒரு சோதனை செய்யுங்கள். நூலைக் கழற்றிவிட்டு, ஒரு வெள்ளைக் காகிதத்தை அழுத்தும் காலுக்கு அடியில் வைத்து, கையால் பிடிக்காமல் மெதுவாக ஓட்டுங்கள். பிறகு காகிதத்தைத் திருப்பிப் பாருங்கள். ஓட்டைகள் ஒரே இடைவெளியில் இருக்கின்றனவா? அவற்றின் இரண்டு பக்கமும் பல் பதிந்த தடம் ஒரே அழுத்தமாக இருக்கிறதா? ஓட்டை எல்லாம் ஒரே இடத்தில் விழுந்திருந்தால் தையல் நீளத் திருகு பூஜ்யத்தில் நிற்கலாம். எம்பிராய்டரிக்காகப் பல்லை இறக்கி வைக்கும் வசதியுள்ள மிஷின் என்றால், திரும்ப ஏற்ற மறந்திருக்கலாம். ஒரு பக்கத் தடம் மட்டும் மங்கலாக இருந்தால் அந்த வரிசைப் பல் சரியாக எழும்பவில்லை. துணி கோணிக்கொண்டு போவது பெரும்பாலும் இதனால்தான்.

எங்கள் தெரு அக்கா ஒருத்தி மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கத்தில் உறுப்பினர். வெட்டிய சீருடைத் துணியை வாங்கி வந்து வீட்டில் தைத்துக் கொடுப்பாள். தைத்த உருப்படிக்குத்தான் கூலி. மிஷின் நின்றால் அன்றைக்குக் காசு இல்லை. பார்க்க வந்த மெக்கானிக், "பல் தேஞ்சு போச்சு, இதைக் கொடுத்துட்டு வேற வாங்கிருங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். காகிதத்தை ஓட்டிப் பார்த்தோம். இடது பக்கத் தடமே இல்லை. தகட்டின் இரண்டு திருகையும் கழற்றினால் பல் வரிசைகளுக்கு நடுவே எண்ணெயும் பஞ்சும் சேர்ந்து கம்பளித் துண்டு மாதிரி இறுகிக் கிடந்தது! பழைய பல் துலக்கும் பிரஷ்ஷும் ஒரு கோணூசியும் போதும், கால் மணி நேரத்தில் வேலை முடிந்தது. அன்று ராத்திரியே அக்கா உட்கார்ந்து தைத்தாள். தேய்ந்த பல் இல்லாமலில்லை. நுனி மழுங்கி, விரலால் தடவினால் வழவழவென்றிருக்கும். அப்போதும் பல்லை மட்டும் மாற்றினால் போதும்.

மோட்டார் மிஷினானால் பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் தகட்டில் கை வைக்க வேண்டும். பஞ்சை வாயால் ஊதாதீர்கள், ஏற்கெனவே இருக்கிற ஈரம் போதாதா! தேங்காய் எண்ணெய் விடுவதும் கூடாது. பிசுபிசுத்துப் போய் மறுபடி பஞ்சைப் பிடித்துக்கொள்ளும். மிஷின் எண்ணெய்தான் விட வேண்டும், அதுவும் ஒரு சொட்டு. பிறகு கந்தல் துணியில் கொஞ்ச நேரம் ஓட்டி எண்ணெயை எடுத்துவிடுங்கள்.

பல் சரியாக இருந்தும் தையல் கோணினால் அழுத்தும் காலைப் பாருங்கள். அதன் திருகு தளர்ந்து கால் திரும்பியிருக்கும். ஊசி வளைந்திருந்தாலும் இதே கதைதான். நைட்டி மாதிரி நீளத் தையலில் துணியின் கனம் மேஜைக்குக் கீழே தொங்கி இழுக்கும். பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு அதன்மேல் துணியைப் பரப்புங்கள்.

இரண்டு துணி சேர்த்துத் தைக்கும்போது கடைசியில் மேல்துணி மிஞ்சி நிற்கிறதா? பல் கீழ்த்துணியைத் தள்ளுகிறது, கால் மேல்துணியைப் பிடித்து நிறுத்துகிறது. மேலே உள்ள அழுத்தத் திருகைக் கொஞ்சம் தளர்த்துங்கள். காலின் அடியைத் தடவிப் பாருங்கள். சாரல் காலத்தில் அங்கே துரு பிடித்துச் சொரசொரப்பாகும். நைசான உப்புத்தாளால் தேய்த்துத் துடைத்தால் துணி வழுக்கிப் போகும்.

மிதி மிஷின்காரர்கள் பெல்ட்டையும் கவனிக்க வேண்டும். ஈரத்தில் தோல் தளர்ந்து, கீழ்ச்சக்கரம் சுற்றினாலும் மேலே உள்ள கைச்சக்கரம் நின்று நின்று சுற்றும். பல்லில் கோளாறோ என்று தோன்றும். பெல்ட்டை அரை அங்குலம் வெட்டி, புது ஓட்டை போட்டு, கொக்கியை மாட்டினால் சரியாகிவிடும். அதற்கு மேல் வெட்டாதீர்கள். வெயில் வந்ததும் தோல் இறுகி, மிதிக்கக் கனமாகிவிடும்.

செங்கோட்டை வாசகி இன்னொன்றும் கேட்டிருக்கிறார், டர்க்கித் துண்டின் ஓரம் மடித்துத் தைக்கும்போது மூலையில் மிஷின் நின்றுவிடுகிறதாம். தடித்த மடிப்பில் காலின் முன்பக்கம் தூக்கிக்கொள்ளும், பின்பக்கம் கீழே சாயும். பல்லுக்குப் பிடிமானம் கிடைக்காது. அதே கனத்துக்கு ஒரு துணியை மடித்துக் காலின் பின்பக்கத்துக்கு அடியில் செருகுங்கள். கால் சமமானதும் மூலையைத் தாண்டிவிடும். நாலைந்து தையல் போனபின் செருகியதை எடுத்துவிடலாம்.