பட்டன் கைபேசிக்கு வைத்த கெடு

இருக்கன்குடி மாரியம்மன் சந்நிதியில் ஆடிக் கடைசி வெள்ளியன்று கூடும் கூட்டத்தைக் கண்டவர்களுக்கு நாம் சொல்லப்போகும் விஷயம் எளிதில் விளங்கும். அர்ச்சுனா நதியும் வைப்பாறும் சேருமிடத்தில் ஜனங்கள் நெருங்கி நிற்கையில் ஒருவர் மற்றவரைத் தவறவிட்டால், முன்னெல்லாம் ஒலிபெருக்கிக்காரரிடம் போய் முறையிட வேண்டும். இப்போது மடியிலிருந்து கைபேசியை எடுத்து, "மொட்டைக் கொட்டகைப் பக்கம் நிற்கிறேன்" என்று சொன்னால் தீர்ந்தது. அப்படி எடுக்கப்படும் கருவிகளில் பல இன்றும் பட்டன் கைபேசிகளே. ஒருமுறை மின்னூட்டினால் இரண்டு மூன்று நாள் தாங்கும். மணலில் விழுந்தாலும் துடைத்துவிட்டுப் பேசலாம். கரிசல் காட்டில் பருத்தி எடுக்கும் கைக்கும், நூலின் கஞ்சி ஒட்டிய விரலுக்கும் பொருத்தமான கருவி அதுவே என்பது நமது துணிபு.

இத்தகைய கருவிகளுள் ஒன்றுக்குச் சமீபத்தில் நேர்ந்த கதியை நம் அங்கத்தினர்கள் அறிந்துகொள்வது நலம்.

2017-ஆம் ஆண்டு ஜூலை 21-ஆம் தேதி ரிலையன்ஸ் கம்பெனியின் பங்குதாரர் மகாசபையில், அதன் தலைவர் முகேஷ் அம்பானி ஜியோபோன் என்னும் பட்டன் கைபேசியை அறிமுகம் செய்தார். கருவிக்கு விலையில்லை, 1,500 ரூபாய் முன்பணம் கட்டினால் போதும், மூன்று ஆண்டு கழித்து அது திரும்பக் கிடைக்கும் என்றார்கள். நாட்டில் எழுந்த ஆரவாரம் கொஞ்சமன்று. பிறகு நிபந்தனைகள் வெளிவந்தன: கருவியைத் திருப்பித்தர வேண்டும்; இடையில் ஆண்டுதோறும் 1,500 ரூபாய்க்குக் குறையாமல் ரீசார்ஜ் செய்திருக்கவும் வேண்டும். ஜியோ சிம் தவிர வேறு சிம் அதில் வேலை செய்யாது. விலையில்லை என்று சொல்லப்படும் எந்தப் பொருளையும் இரண்டு முறை புரட்டிப் பார்ப்பது விவசாயியின் வழக்கம். ஆயினும் பலர் வாங்கினார்கள், வாங்கியதில் பிழையும் இல்லை. 2018 ஜூலைக்குள் இரண்டரைக் கோடிப் பேர் அதை வைத்திருப்பதாகக் கம்பெனியார் அறிவித்தார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் வாட்ஸ்அப் அதில் வந்து சேர்ந்தது. பொத்தானை அழுத்திக் குரலைப் பதிந்து அனுப்பலாம் என்பதால், எழுத்துப் பழக்கம் குறைந்த முதியோருக்கும் வெளியூரில் வேலை செய்யும் பிள்ளைக்குச் செய்தி சொல்ல வழி பிறந்தது.

இவ்வளவும் நன்மையே. நாம் மறுக்கவில்லை.

2024 ஜூன் 25-ஆம் தேதி முதல், அக்கருவியை இயக்கும் காய்-ஓஎஸ் என்னும் மென்பொருளில் புதிதாக வாட்ஸ்அப்பை இறக்கிக்கொள்ள இயலாதபடி நிறுத்திவிட்டார்கள். முன்பே வைத்திருந்தவர்களுக்கு 2025-ஆம் ஆண்டின் தொடக்கம் வரை தவணை. கருவி உடையவில்லை. பொத்தான் தேயவில்லை. உடையவர் ஒரு குற்றமும் செய்யவில்லை. ஒரு நாள் காலையில் அது பாதிக் கருவியாகிவிட்டது.

வாட்ஸ்அப் தரப்பில் நியாயமே இல்லையென்று சொல்லமாட்டோம். ஒவ்வொரு வகைக் கருவிக்கும் தனியே மென்பொருள் எழுதி, திருடர் புகாதபடி காத்துவருவது செலவுள்ள காரியம். ஆனால் யார் யாருக்கு இதில் பங்கு என்று பார்க்கும்போதுதான் நமக்கு வியப்பு உண்டாகிறது. வாட்ஸ்அப்பின் உடைமையாளர் பேஸ்புக், இன்று மெட்டா எனப்படுவது. அக்கம்பெனி 2020 ஏப்ரலில் 43,574 கோடி ரூபாய் கொடுத்து ஜியோவின் தாய்க் கம்பெனியான ஜியோ பிளாட்பார்ம்ஸில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கை வாங்க ஒப்பந்தம் செய்தது. சில மாதங்களில் கூகுள் 33,737 கோடி ரூபாயோடு வந்தது. அதே கூகுள் 2018-இல் காய்-ஓஎஸ் கம்பெனியில் 2.2 கோடி டாலர் போட்டிருந்தது. ஆக, கருவியை விற்றவரும், அதனுள் ஓடும் மென்பொருளுக்குப் பணம் போட்டவரும், செய்திச் சேவையை நிறுத்தியவரும் ஒரே பந்தியில் அமர்ந்தவர்கள். நாற்பதாயிரம் கோடிக்கு ஒருமித்த கை, 1,500 ரூபாய்க் கருவி இன்னும் சில ஆண்டு பேசட்டும் என்பதற்கு ஒருமிக்கவில்லை. விற்கும்போது "இத்தனை ஆண்டு ஓடும்" என்று எழுதித் தந்திருந்தால் நாம் இவ்வளவு சொல்லமாட்டோம்.

நம் தறியை எண்ணிப் பாருங்கள். குழித்தறியை இறக்கியபின், மரம் செய்த தச்சர் காலமானாலும் தறி நிற்காது. அச்சுப் பல் போனால் அச்சை மாற்றுகிறோம். விழுது அறுந்தால் வீட்டுப் பெண்களே கட்டிவிடுகிறார்கள். சாத்தூரில் வாங்கிய தீப்பெட்டியின் குச்சி எரியலாமா கூடாதா என்று வேற்றூரில் யாரும் தீர்மானிப்பதில்லை. கைபேசி விஷயத்திலும் முன்பு இப்படித்தான் இருந்தது. 2003-இல் வந்த நோக்கியா 1100 உலகெங்கும் ஏறத்தாழ 25 கோடி விற்றது. டார்ச் விளக்கு உண்டு, தூசி புகாது, மின்கலத்தை நகத்தால் கழற்றி மாற்றலாம். அக்கம்பெனி 2006-இல் ஸ்ரீபெரும்புதூரில் திறந்த தொழிற்சாலை 2014 நவம்பரில் மூடப்பட்டு ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்தது நாடறிந்த துயரம். ஆனால் தொழிற்சாலை மூடிய அன்று, வாங்கியவர் மடியிலிருந்த கைபேசி ஊமையாகிவிடவில்லை.

இப்போதோ மின்கலத்தையே பசையிட்டு உள்ளே அடைத்துவிடுகிறார்கள். நம்மிடமிருந்த ஒரு கைபேசியின் (கம்பெனிப் பெயர் வேண்டாம்) மின்கலம் உப்பிவிட்டது. பழுதுபார்ப்பவர் அதன் முதுகைச் சூடுகாட்டிப் பெயர்க்கையில் கண்ணாடி விரிந்துபோயிற்று. மாற்றுக் கண்ணாடி கிடைக்கவில்லை. "புதிது வாங்குவதுதான் மலிவு" என்றார் அவர். பொய் சொல்லவில்லை, பாவம்.

ஐரோப்பிய யூனியனில் இதற்கு ஒரு வழி கண்டிருக்கிறார்கள். 2025 ஜூன் 20 முதல் அங்கே சந்தைக்கு வரும் கைபேசிகளுக்கு, விற்பனை நின்றபின்னும் ஏழு ஆண்டு வரை முக்கியமான உதிரி பாகங்கள் கிடைக்கச் செய்யவேண்டும். மென்பொருள் திருத்தங்களை ஐந்து ஆண்டு வரை தரவேண்டும் என்று சட்டம். நம் நாட்டிலும் 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் நலத் துறை, பழுதுபார்க்கும் உரிமைபற்றி ஆராய ஒரு குழுவை நியமித்தது. அது எடுத்துக்கொண்ட நான்கு இனங்களில் கைபேசி ஒன்று, விவசாயக் கருவிகள் மற்றொன்று. அவ்வாண்டு டிசம்பரில் இதற்கென ஓர் இணையத்தளமும் திறந்தார்கள். நல்லதே. ஆனால் தளத்தில் விவரம் போடுவது வேறு, போடாதவரைத் தண்டிப்பது வேறு. டிராக்டருக்கும் பம்புசெட்டுக்கும் சேர்த்தே இவ்வுரிமை பேசப்படுவதால், இது பட்டணத்தாரின் கவலை என்று நாம் ஒதுங்கியிருப்பதற்கில்லை.

கம்பெனியாரைச் சொன்னோம், நம்மையும் சொல்லிக்கொள்ளத்தான் வேண்டும். நூல் வந்த செய்தி, கூலிப் பட்டியல், ரிபேட் தேதி, பருத்தி ஏல விவரம் இவையெல்லாம் சில காலமாக வாட்ஸ்அப் குழுவில் மட்டும் போடப்படுகின்றன. பார்க்கவில்லை என்பவரிடம் "குழுவில் போட்டோமே" என்கிறோம். கெடு முடிந்து கருவி பாதியாகிப்போன அங்கத்தினருக்கு அக்குழு இல்லை. கம்பெனி ஒரு கதவை மூடியது; அதற்குப் பூட்டுப் போட்டவர்கள் நாம். சங்கத்துச் செய்தியை அறிய ஓர் அங்கத்தினர் எட்டாயிரம் ரூபாய்க்குப் புதுக் கைபேசி வாங்கவேண்டும் என்று எந்தத் துணைவிதியும் சொல்லவில்லை. தறிக்கூலியில் அத்தொகை எத்தனை நாள் உழைப்பு என்பதை நெசவாளரிடம் நாம் சொல்ல வேண்டுவதில்லை.

ஆகவே நாம் கேட்டுக்கொள்வது இது. சாதாரண குறுஞ்செய்தி எந்தக் கைபேசியிலும் வரும். காரியாலயத்தார் அதை அனுப்பட்டும். முதியோருக்கு ஒரு தடவை கூப்பிட்டுச் சொல்லட்டும். பணம் அனுப்புவதற்கும் பெரிய கைபேசி வேண்டும் என்று கடைக்காரர் சொன்னால் நம்பவேண்டாம். 2022 மார்ச்சில் ரிசர்வ் வங்கி தொடங்கிவைத்த யுபிஐ 123பே முறையில் பட்டன் கைபேசியிலிருந்தே ஓர் எண்ணைக் கூப்பிட்டுப் பணம் செலுத்தலாம். வங்கிக் கணக்கும் ரகசிய எண்ணும் இருந்தால் போதும். இதை நம் காரியாலயத்திலேயே ஒரு மாலை உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கலாம்.

புதிதாக வாங்கியே தீரவேண்டியவர்கள் கடையில் காமிரா எத்தனை என்று கேட்பதோடு நிற்காமல், மென்பொருள் திருத்தம் எந்த ஆண்டு வரை வரும், மின்கலம் மாற்ற எவ்வளவு ஆகும் என்றும் கேட்கவேண்டுகிறோம். விலை மிகுந்த கைபேசிகள் சிலவற்றுக்கு 2023 முதல் கூகுளும் அடுத்து சாம்சங்கும் ஏழு ஆண்டு வாக்குத் தந்திருக்கிறார்கள். மலிவானவற்றில் பலவற்றுக்கு இரண்டு மூன்று ஆண்டுகளே. ஒருவர் கேட்டால் கடைக்காரர் சிரிப்பார். நாற்பது பேர் சேர்ந்து ஒரே மாதிரிக் கருவி வேண்டுமென்று சங்கத்தின் பேரால் விலை கேட்டால், விற்பனைப் பிரதிநிதியே நாற்காலி போட்டு உட்கார்ந்து பதில் சொல்வார். உரமும் நூலும் அப்படித்தானே வாங்குகிறோம்?

இதற்கிடையில், காரியாலயத்து வாசலிலுள்ள அறிவிப்புப் பலகையின் கண்ணாடி உடைந்து இரண்டு மாதமாகிறது. மழையில் ஒட்டிய காகிதம் நனைந்துவிடுகிறது. அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில் முதல் செலவாக அதை மாற்ற அனுமதி தரவேண்டும் என்று காரியதரிசியைக் கேட்டுக்கொள்கிறோம்.