லயத்துப் பிள்ளை பெத்லெகேமுக்குப் போனால்

மடுல்சீமைத் தோட்டத்துப் பிள்ளை ஒன்று பெத்லெகேம் வயலில் போய் இறங்கினால் எதைக் கவனிக்கும்? வேலை செய்கிறவர்களுக்கு யார் தண்ணீர் கொடுக்கிறார்கள், பகல் சாப்பாடு எப்போது, சாயங்காலம் எவ்வளவு தேறியது என்றுதான் பார்க்கும். கொழுந்து நிறுக்கும் இடத்தில் அம்மாவுக்காகக் காத்து நின்ற கண் அது. ரூத்தின் புத்தகத்தில் இந்த மூன்றுக்கும் விடை இருக்கிறது. வேலைக்காரர் மொண்டு வைத்த தண்ணீரைக் குடிக்கச் சொல்கிறார் வயல்காரர் போவாஸ். வறுத்த கோதுமையில் தான் சாப்பிட்டது போக மீதியை மாமியாருக்கு எடுத்து வைக்கிறாள் ரூத். பொறுக்கிய கதிரைத் தட்டி அடித்தபோது கண்டது ஏறக்குறைய ஒரு மரக்கால் வாற்கோதுமை.

ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகளுக்குக் காலப்பயணக் கதை எழுத நினைக்கும் ஆசிரியர்கள் இங்கிருந்தே தொடங்கலாம்.

இந்த வகைக் கதை நமக்குப் புதிதல்ல. ஜப்பானின் தத்சுனோகோ நிறுவனம் 1981இல் எடுத்த 'சூப்பர்புக்' தொடரில் கிறிஸ், ஜாய் என்ற இரு பிள்ளைகளும் கிஸ்மோ என்ற ரோபோவும் வேதாகம காலத்துக்குப் போய்வந்தார்கள். மறுவருடமே 'பறக்கும் வீடு' வந்தது. 2011இல் சூப்பர்புக் புதிதாக எடுக்கப்பட்டது. நம் பிள்ளைகள் அதைத் தமிழிலேயே பார்க்கிறார்கள். 2010இல் தொடங்கிய 'இமாஜினேஷன் ஸ்டேஷன்' நூல்களில் பயணம் போவது பேட்ரிக்கும் பெத்தும். எல்லாம் நல்ல முயற்சிகளே. ஆனால் புறப்படும் வீடு எப்போதும் வேறு யாருடையதோவாக இருக்கிறது. லயத்துக் காம்பராவிலிருந்து எந்தப் பிள்ளையும் இன்னும் புறப்படவில்லையே என்ற ஏக்கம் நமக்கு உண்டு.

எழுத உட்காரும்போது வரும் பெரிய சிக்கல் ஒன்று. போகிற பிள்ளை வேதத்தில் நடந்ததை மாற்றக்கூடாது. அதற்குப் பயந்து பலர் பிள்ளையைச் சும்மா வேடிக்கை பார்க்க வைத்துவிடுகிறார்கள். இரண்டாம் பக்கத்திலேயே கதை படுத்துவிடுகிறது. ரூத்தின் கதையிலேயே இதற்கு வழி கிடக்கிறது. அரிக்கட்டுகளிலிருந்து சிலதை வேண்டுமென்றே சிந்திவிடும்படி போவாஸ் வேலைக்காரருக்குச் சொல்கிறார். அந்தப் பேச்சு நம் பிள்ளையின் காதில் விழட்டும். ரூத் ஒவ்வொரு கதிராக எடுக்கும்போது அதற்கு வாய் துறுதுறுக்கும், சொல்லவும் முடியாது. வேதத்தில் ஒரு வரியும் மாறாமல் கதை முழுக்கத் தவிப்பு நிறைந்துவிடும்.

யாத்திராகமத்தின் செங்கல் வேலையும் நம் பிள்ளைக்குத் தெரிந்த உலகம்தான். வைக்கோல் தரமாட்டார்கள், செங்கல் கணக்கு மட்டும் குறையக்கூடாது. கணக்குக் குறைந்தால் அடி வாங்குகிறவர்கள் இஸ்ரவேலரிலேயே தலைவர்களாக வைக்கப்பட்டவர்கள். கிலோ குறைந்ததால் அரைநாள் கூலியாக அரைப்பேர் விழுந்த கதையை வீட்டில் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு இதில் விளக்கவுரை தேவையில்லை. கங்காணி காலத்துத் தாத்தா பாட்டிக் கதைகளையும் அது உடன் கொண்டுபோகும். எழுதுகிறவர் நடுவில் புகுந்து பிரசங்கம் செய்யாமல் இருந்தால் போதும்.

அந்நியக் கதையை நம் மண்ணில் நட்டவர்கள் முன்பே இருக்கிறார்கள். ஆங்கில எழுத்தாளர் பனியனின் பயணக் கதையை எச். ஏ. கிருஷ்ணபிள்ளை 'இரட்சணிய யாத்திரிக'மாக 1894இல் தமிழ்க் காப்பியமாகவே ஆக்கினார். இலங்கைத் தோட்டங்களில் 1854இல் தமிழ்க் கூலி மிஷன் தொடங்கியபின் உபதேசிமார் லயங்களுக்கு நடந்துபோய் வேதக் கதைகளைச் சொன்னார்கள்.

கால இயந்திரம் எதுவும் வேண்டியதில்லை. பிட்டமாருவைப் பக்கத்துச் சின்ன உலக முடிவில் பனிமூட்டம் எழும்பினால் எதிரே நிற்கிற ஆளே தெரியாது. அந்தப் பனிக்குள் பிள்ளை போகட்டும், விலகும்போது வாற்கோதுமை வயல் தெரியட்டும். திரும்பி வரும் காட்சிக்கு மட்டும் எழுத்தாளர் கூடுதல் நேரம் செலவிட வேண்டும். அம்மா மலையிலிருந்து இறங்கி வந்து படங்குச் சேலையை அவிழ்க்கிறார். பிள்ளை ஓடிப்போய் ஒரு கோப்பை தண்ணீர் மொண்டு வருகிறது.