மூளையே இல்லாத உயிரி போட்ட ரயில் பாதை

1/ ஒரு சின்ன கேள்வி. உங்க வீட்டிலிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக எத்தனை வழி இருக்கு? "ஒண்ணுதான் டாக்டர்" என்பவர்களுக்காகவே இந்த த்ரெட்.

2/ ஸ்லைம் மோல்ட் என்றொரு உயிரி. மக்கிய மரக்கட்டைகளில் மஞ்சளாகப் படர்ந்திருக்கும். ஒரே ஒரு செல்தான். மூளை கிடையாது, நரம்பும் கிடையாது.

3/ ஜப்பான் விஞ்ஞானி நகாகாகியின் குழு, டோக்கியோ வட்டார ஊர்கள் இருக்கும் இடங்களைக் குறித்து 36 ஓட்ஸ் துண்டுகளை வைத்து, டோக்கியோ இருக்க வேண்டிய இடத்தில் இதை விட்டது. முதலில் எல்லாப் பக்கமும் படர்ந்தது. பிறகு, ஓட்டம் அதிகமான குழாய்கள் தடித்தன, மற்றவை சுருங்கின. சுமார் 26 மணி நேரத்தில் ஒரு வலைப்பின்னல் தயார்!

4/ 2010-ல் சயின்ஸ் இதழில் வந்த முடிவு: செலவிலும் திறனிலும், ஓரிடத்தில் அறுந்தாலும் தாங்குவதிலும், அது நிஜ ரயில் வலைப்பின்னலோடு ஒப்பிடும் தரத்தில் இருந்தது.

5/ கவனிங்க. அது மிகக் குறைந்த நீளத்தில் எல்லாத்தையும் இணைத்துவிட்டு நிறுத்தவில்லை. சில குறுக்கு இணைப்புகளையும் விட்டு வைத்தது. அது வீணா? இல்லவே இல்லை.

6/ நம்ம உடம்பும் இப்படித்தான். மூளையின் அடியில் ரத்தக்குழாய்கள் ஒரு வளையமாக இணைகின்றன. ஒரு பக்கம் அடைத்தால், பலருக்கு மறுபக்கத்திலிருந்து ரத்தம் வந்து காப்பாற்றும். விழித்திரையின் மையத் தமனிக்கு அந்த வசதி கிட்டத்தட்ட இல்லை. அடைத்தால் சில மணி நேரத்தில் பார்வை நிரந்தரமாகவே போய்விடலாம்.

7/ ஒரு மழை நாளில் பக்கவாத நோயாளி ஒருவரைக் கொண்டு வந்தார்கள். தூரம் 12 கி.மீ. தான். ஆனால் ஒரே பாலம், அதுவும் தண்ணீரில். சுற்றி வந்து சேர்ந்தபோது, கட்டியைக் கரைக்கும் ஊசிக்கான 4.5 மணி நேரம் தாண்டியிருந்தது. அவருக்கு மூளையில் ஒரு அடைப்பு, ரோட்டில் இன்னொன்று.

8/ அதற்காக இயற்கையை அப்படியே காப்பி அடிக்கவும் கூடாது. ஓட்டம் குறைந்த குழாயை அந்த உயிரி யோசிக்காமல் கைவிடும். நாம் அப்படிச் செய்ய முடியாது. கூட்டமில்லாத கடைசி பஸ்ஸிலும் ஒரு கர்ப்பிணி இருக்கலாம்.

9/ அடுத்த முறை உங்க ஊருக்குப் புது மேம்பாலமோ மெட்ரோவோ அறிவித்தால், "எவ்வளவு வேகமாப் போகலாம்?" என்பதோடு நிறுத்தாதீங்க. "இது அடைத்தால் வேறு வழி என்ன?" என்றும் கேளுங்க.

மாற்றுவழி ஆடம்பரம் அல்ல. அதுதான் சிகிச்சையின் முதல் படி.