தாத்தாவின் லெய்காவுக்கு இன்னொரு லென்ஸ்... 35-ஆ, 90-ஆ? | கேமரா கார்னர்

இந்த வாரம் ஒரே ஒரு கேள்விதான். மெயில் கொஞ்சம் நீளம், சுருக்கித் தருகிறேன்.

"தாத்தா கொழும்பில் கடை வைத்திருந்தபோது வாங்கிய லெய்கா எம்3 கேமரா என்னிடம் இருக்கிறது. கூடவே 50 எம்.எம் சும்மிக்ரான் லென்ஸ். போன வருடம் சர்வீஸ் செய்து மூன்று ரோல் எடுத்துப் பார்த்துவிட்டேன், நன்றாக வருகிறது. அம்பாசமுத்திரம் பக்கத்தில் இருக்கும் எங்கள் வீட்டை விற்றாகிவிட்டது. தை பிறந்ததும் சாவியைக் கொடுக்க வேண்டும். அதற்கப்புறம் ஆச்சி எங்களோடு மதுரைக்கு வந்துவிடுவாள். வயது 86. அதற்குள் வீட்டையும் ஆச்சியையும் தாத்தாவின் கேமராவிலேயே எடுத்துவைக்க ஆசை. ஆனால், 50-ல் பட்டாசலில் பாதிதான் வருகிறது (10 அடிக்கு 14 அடி). இன்னொரு லென்ஸுக்காக 60,000 ரூபாய் ஒதுக்கியிருக்கிறேன். 35 வாங்குவதா, 90 வாங்குவதா?"

முதலில் கேமரா தெரியாதவர்களுக்காக ஒரு பத்தி. லெய்கா எம்3 ஒரு ரேஞ்ச்ஃபைண்டர் கேமரா. 1954-ல் ஜெர்மனியில் வந்தது. எஸ்.எல்.ஆர் கேமராவில் கண்ணை வைத்தால் லென்ஸ் வழியாகவே பார்ப்போம். எந்த லென்ஸை மாட்டினாலும் அது காட்டுவதுதான் கண்ணுக்குத் தெரியும். ரேஞ்ச்ஃபைண்டரில் அப்படி இல்லை. கேமராவின் மூலையில் இருக்கும் ஒரு சின்ன ஜன்னல் வழியாகப் பார்க்கிறோம். லென்ஸ் அதன் பாட்டுக்குத் தனியாக வேலை செய்யும். ஜன்னலுக்குள் நடுவில் இரட்டையாகத் தெரியும் பிம்பம் ஒன்றோடு ஒன்று சேர்ந்தால் ஃபோகஸ் சரி. லென்ஸை மாற்றினாலும் ஜன்னலில் தெரியும் காட்சி மாறாது. 'இதுவரைக்கும்தான் படத்தில் வரும்' என்று காட்டும் வெள்ளைக் கோடுகள் மட்டும் மாறும்.

அதனால் இந்த வகை கேமராவுக்கு இரண்டாவது லென்ஸ் வாங்கும்போது, 'லென்ஸ் எப்படி?' என்பதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. என் கேமராவின் ஜன்னலில் அந்த லென்ஸுக்குக் கோடு இருக்கிறதா?

எம்3-ல் இருப்பவை மூன்றே கோடுகள்: 50, 90, 135. 35-க்குக் கிடையாது. சாதாரண 35 லென்ஸை மாட்டினால், 50-க்கான கோட்டோடு 135-க்கான குட்டிக் கட்டமும் எட்டிப் பார்த்துக் குழப்பும். உங்கள் கேமராவைப் பொறுத்தவரை 90 சுலபம், 35 வம்பு. சில வருடம் கழித்து வந்த எம்2 மாடலிலேயே 35-க்குக் கோடு வந்துவிட்டது. எம்6 வைத்திருப்பவர்களுக்கு 28 முதல் 135 வரை கோடுகள் உண்டு. அவர்கள் கீழே வரும் பாதி சங்கடத்தைத் தாண்டிப் போய்விடலாம்.

இப்படிச் சொன்னதும் 'அப்போ 90' என்று முடிவு செய்துவிடாதீர்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஃபிலிம் ஃப்ரேமின் அகலம் 36 எம்.எம். அதை லென்ஸின் எம்.எம்-ஆல் வகுத்து, நீங்கள் நிற்கும் தூரத்தால் பெருக்கினால், எத்தனை அடி அகலம் படத்தில் வரும் என்று தெரிந்துவிடும். பட்டாசலின் 10 அடிப் பக்கத்தில், முதுகைச் சுவரில் ஒட்டி நின்றால் எதிர்ச்சுவர் கேமராவிலிருந்து சுமார் 9 அடி. 50 லென்ஸில் அந்தச் சுவரில் ஆறரை அடி வரும். சுவரோ 14 அடி. பாதிதான் வருகிறது என்று நீங்கள் எழுதியது கணக்குக்கும் பொருந்துகிறது. 40 லென்ஸ் என்றால் 8 அடி. 35 என்றால் ஒன்பதே கால். 28 என்றால் பதினொன்றரை. 90 மாட்டினால் மூன்றரை அடிதான், சுவரில் மாட்டிய கல்யாண போட்டோவும் பக்கத்து காலண்டரும் வரும்.

35-க்கு இன்னும் எளிய கணக்கு இருக்கிறது. எவ்வளவு தூரம் தள்ளி நிற்கிறோமோ, கிட்டத்தட்ட அவ்வளவு அகலம். டேப் எடுத்துக்கொண்டு அறை அறையாகப் போய் அளந்து பாருங்கள். காசு செலவில்லாத இன்னொரு வழி, போன். பெரும்பாலான போன்களின் மெயின் கேமரா, ஃபிலிம் கணக்கில் 24-26 எம்.எம் அளவுக்குப் பார்க்கும். திரையை விரலால் இழுத்து 1.4 மடங்கு வைத்தால் ஏறக்குறைய 35. இரண்டு மடங்கு வைத்தால் 50. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க 1.4-லேயே வைத்து வீட்டைச் சுற்றி வாருங்கள். போதவில்லை என்று தோன்றுகிறதா, அதிகம் என்று தோன்றுகிறதா என்பது சாயங்காலத்துக்குள் தெரிந்துவிடும். அன்றைக்கு எடுத்த படங்களை அழிக்க வேண்டாம். ஃபிலிம் காலை வாரினாலும் வீடு போனிலாவது இருக்கும்.

எங்கள் போட்டோ செக்‌ஷன் அண்ணன் ஒருவரிடம் இந்த மெயிலைக் காட்டினேன். "50 இருக்கில்ல, அப்புறம் எதுக்கு இன்னொண்ணு? கார்டியே-பிரெஸ்ஸோன் வாழ்நாள் பூரா அதை வெச்சுத்தானே எடுத்தார்" என்றார். உண்மைதான். பிரெஞ்சுப் புகைப்படக்காரர் ஆன்றி கார்டியே-பிரெஸ்ஸோன் பெரும்பாலும் லெய்காவும் 50 லென்ஸுமாகத்தான் உலகம் சுற்றினார். 1950 ஏப்ரலில் திருவண்ணாமலையில் ரமண மகரிஷியின் கடைசி நாள்களைப் படமெடுத்தவர் அவர். அதே மாதம் பாண்டிச்சேரியில் அரவிந்தரையும் எடுத்தார். ஆனால் தெருவிலும் ஆசிரம வளாகத்திலும் இரண்டு அடி பின்னால் போக இடம் இருக்கும். 10 அடி அறையில் சுவர்தான் இருக்கும். அண்ணன் சொல்வது ஆச்சிக்குப் பொருந்தும், பட்டாசலுக்குப் பொருந்தாது.

இங்கேதான் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். 35 பக்கம் போங்கள். ஆச்சி உங்களோடு வரப்போகிறார், வீடு வராது. ஆச்சியின் முகத்துக்கு 90 அருமையான லென்ஸ், மறுக்கவில்லை. பழைய எல்மார் 90 எஃப்/4 லெய்கா லென்ஸ்களிலேயே மலிவானவற்றில் ஒன்று, எம்3-ன் பெரிய ஜன்னலில் அதை ஃபோகஸ் செய்வதும் சுகம். ஆனால் அதை மதுரையில் வைத்தும் எடுக்கலாம். இப்போது தார்சாவில் உட்கார்ந்திருக்கும் ஆச்சியை எடுக்க, கையில் இருக்கும் 50 போதும். சொல்லப்போனால் அதுதான் பொருத்தம். நாலைந்து அடி தள்ளி உட்கார்ந்து பேச்சுக் கொடுத்தபடியே எடுக்கலாம். 90-ஐ மாட்டினால் தள்ளிப் போக வேண்டும், பேச்சும் போய்விடும்.

சரி, கோடு இல்லாத கேமராவில் 35 எப்படி? மூன்று வழிகள் இருக்கின்றன.

முதலாவது, லெய்காவே எம்3-க்காகச் செய்த 35 லென்ஸ்கள். சும்மரான் என்று தேடினால் கிடைக்கும். லென்ஸின் தலையில் மூக்குக்கண்ணாடி மாதிரி ஒரு ஜோடிக் கண்ணாடி ஒட்டிக்கொண்டிருக்கும். அது கேமராவின் ஜன்னல்களுக்கு முன்னால் வந்து உட்கார்ந்து காட்சியை விரித்துக் காட்டும். 50-க்கான கோடு அப்படியே 35-க்கான கோடாகிவிடும். கெட்டிக்கார யோசனை. பார்க்கவும் வேடிக்கையாக இருக்கும். ஆனால் எல்லாமே பழைய சரக்கு. அந்தக் கண்ணாடி கொஞ்சம் ஆட்டம் கண்டிருந்தாலும் ஃபோகஸ் தப்பும். நேரில் மாட்டிப் பார்க்க முடிந்தால் மட்டும் வாங்குங்கள்.

இரண்டாவது, சாதாரண 35 லென்ஸோடு, ஃப்ளாஷ் மாட்டும் இடத்தில் செருகிக்கொள்ளும் தனி வியூஃபைண்டர். கேமராவின் ஜன்னலில் ஃபோகஸ், மேலே இருக்கும் ஃபைண்டரில் ஃப்ரேம் என்று கண்ணை இரண்டு முறை மாற்ற வேண்டும். ஓடும் குழந்தையை எடுக்க இது தொல்லை. வீடு ஓடாது. ஒன்றை மட்டும் கவனியுங்கள். எம்3-ன் கோடுகள் கிட்டத்தில் ஃபோகஸ் செய்யும்போது தாமாகவே நகர்ந்து சரிசெய்துகொள்ளும், தனி ஃபைண்டர் அப்படிச் செய்யாது. பக்கத்தில் இருக்கும் பொருளை எடுத்தால் தலைப்பக்கம் வெட்டுப்படலாம். மேலே கொஞ்சம் இடம் விட்டு எடுங்கள்.

மூன்றாவது வழி எனக்குப் பிடித்தது: 40 லென்ஸ். எம்3-ன் ஜன்னலில் 50 கோட்டுக்கு வெளியேயும் கொஞ்சம் இடம் தெரிகிறது அல்லவா? அந்த முழு ஜன்னலும் ஏறக்குறைய 40 லென்ஸ் பார்க்கும் அளவுதான். கோட்டை மறந்துவிட்டு ஜன்னல் முழுவதையும் ஃப்ரேமாக எடுத்துக்கொண்டால் போதும். தனி ஃபைண்டர் தேவையில்லை. கண்ணாடி போடுபவர்களுக்கு ஜன்னலின் ஓரங்கள் தெரியாது என்பது ஒரு குறை. இன்னொன்று, உங்கள் 50-க்கும் இதற்கும் வித்தியாசம் அந்தச் சுவரில் ஒன்றரை அடிதான். அந்த ஒன்றரை அடிக்காக இவ்வளவு செலவா என்று கேட்டால், பொதுவான உபயோகத்துக்கு ஆமாம் என்பேன். உங்கள் பட்டாசலுக்கு இல்லை.

ஆகவே இரண்டாவது வழி. லெய்காவின் புது 35 லென்ஸ்கள் லட்சங்களில் இருப்பதால் அந்தப் பக்கம் போக வேண்டாம். ஜப்பானின் காசினா நிறுவனம் 1999 முதல் ஃபோக்ட்லாண்டர் என்ற பழைய ஐரோப்பியப் பெயரில் ரேஞ்ச்ஃபைண்டர் லென்ஸ்கள் செய்கிறது. அவர்களுடைய கலர் ஸ்கோபார் 35 எஃப்/2.5 சின்னது, கூர்மையானது. கடைக்காரர் எஃப்/1.4 லென்ஸைக் காட்டி 'இருட்டிலும் எடுக்கலாம்' என்பார். அதற்கு இன்னும் காசு. மார்கழி வெளிச்சத்தில் ஓட்டு வீட்டின் உள்ளறை எப்படி இருக்கும் என்று தெரியும். ஆனாலும் அங்கே எதுவும் அசையப்போவதில்லை. 400 ஸ்பீடு ஃபிலிம், ஒரு ட்ரைபாட், ஒரு கேபிள் ரிலீஸ், எஃப்/8-ல் அரை விநாடியோ ஒரு விநாடியோ. எம்3-ல் லைட் மீட்டர் கிடையாது. போனில் ஒரு மீட்டர் ஆப் போட்டுக்கொள்ளுங்கள். லென்ஸில் மிச்சம் பிடித்த காசு ஃபிலிமுக்கும் டெவலப்பிங்குக்கும் ஆகும். இந்த இரண்டும் இப்போது விற்கிற விலைக்கு அது பெரிய உதவி.

எஃப்/8-ல் இன்னொரு வசதி. 35 லென்ஸில் 10 அடிக்கு ஃபோகஸ் வைத்தால், 6 அடி சொச்சத்தில் தொடங்கி 20 அடிக்கு மேல் வரை தெளிவாக இருக்கும். அறைக்கு அறை ஃபோகஸைத் திருகிக்கொண்டிருக்க வேண்டாம்.

28, 21 பற்றியும் யோசித்திருப்பீர்கள். 21-ல் முழுச் சுவரும் வருமே என்று ஆசையாகத்தான் இருக்கும். வரும். கூடவே மூலைகள் இழுபட்டு, பட்டாசல் கல்யாண மண்டபம் மாதிரி விரிந்துவிடும். நீங்கள் வளர்ந்த அறை சின்ன அறை. படத்திலும் அது சின்னதாகத்தான் இருக்க வேண்டும் என்பது என் பிடிவாதம்.

உங்கள் பக்கத்துப் பழைய வீடுகளில் தெருவாசலிலிருந்து பார்த்தால் தார்சா, பட்டாசல், இரண்டாங்கட்டு, அடுக்களை என்று கதவுக்குள் கதவாகப் புறவாசல் வெளிச்சம் வரை நேராகத் தெரியும். உங்கள் வீடும் அப்படி என்றால், அந்தப் படத்துக்குப் புது லென்ஸ் வேண்டாம். தெருவில் இறங்கி நின்று 50-லேயே எடுங்கள். 35-ல் எடுத்தால் அந்தக் கடைசி வெளிச்சம் புள்ளியாகச் சிறுத்துவிடும்.

செகண்ட் ஹேண்டில் வாங்குவதாக இருந்தால் பார்க்க வேண்டியது பூஞ்சை. நம் ஊர் ஈரத்துக்கு இது சகஜம். அபர்ச்சரை முழுக்கத் திறந்து, பின்பக்கத்திலிருந்து டார்ச் அடித்துப் பார்த்தால் சிலந்திவலை மாதிரித் தெரியும். ஆன்லைனில் என்றால் அப்படி ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். தட்டிக்கழித்தால் விட்டுவிடுங்கள். வந்ததும் தூரத்து செல்போன் டவரைப் பார்த்து லென்ஸை முடிவிலிக்குத் திருகுங்கள். இரட்டை பிம்பம் ஒன்றாகச் சேர வேண்டும். பிறகு ஒரு ரோலை முழுக்க டெஸ்ட்டுக்கே செலவழியுங்கள். அதைக் கழுவி ஸ்கேன் செய்து பார்த்த பிறகுதான் ஊருக்குப் போக வேண்டும். இதற்கெல்லாம் நாள் பிடிக்கும் என்பதால் லென்ஸ் கார்த்திகைக்குள் கைக்கு வந்தாக வேண்டும். அதற்குள் கிடைக்கவில்லை என்றால் அவசரத்துக்கு எதையாவது வாங்காமல், 50-ஐ வைத்துக்கொண்டு கிளம்புங்கள். பாதிச் சுவராக இரண்டு படம் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டினாலும் பட்டாசல் கிட்டத்தட்ட முழுசாக வரும்.

வீட்டில் யாஷிகா எலக்ட்ரோ 35 வைத்திருப்பவர்கள் 'எங்களுக்கு என்ன லென்ஸ்?' என்று கேட்கலாம். அதுவும் ரேஞ்ச்ஃபைண்டர்தான், ஆனால் லென்ஸ் கழற்ற முடியாத மாடல். 45 எம்.எம் எஃப்/1.7. அந்தக் காசில் ஃபிலிம் வாங்குங்கள்.

அடுத்த வாரம்: ஏ.சி காரிலிருந்து இறங்கியதும் லென்ஸ் மீது படியும் ஈரத்தைத் துடைக்கலாமா, கூடாதா? திருச்சி வாசகி ஒருவரின் கேள்வி.