மருந்துப் படிப்பும் சந்தைப் பிரசாரமும்

வைத்தியர் சீட்டுப்படி மருந்து கொடுப்பவர் பதிவு பெற்ற மருந்தாளுநராகவே இருக்கவேண்டுமென்று 1948-ம் வருஷத்து பார்மசி சட்டம் சொல்லுகின்றது. 2008 முதல் ஆறு வருஷ பார்ம்.டி. படிப்பும் வந்துவிட்டது. ஆனால் நாகல் நகர் சந்தையில் மூட்டை தூக்கும் தோழர் ஒருவர் ஜலதோஷத்துக்கு ஆன்டிபயாடிக் மாத்திரை கேட்டால், வேண்டாமென்று காரணத்தோடு சொல்லக்கூடிய மாணவர் எத்தனை பேர்?

செப்டம்பர் 25 உலக மருந்தாளுநர் தினமென்றும், நவம்பர் 18 முதல் 24 வரை மருந்துக்கு அடங்காத கிருமிகளைப் பற்றிய விழிப்புணர்வு வாரமென்றும் மாணவர்கள் கையில் தட்டியைக் கொடுத்து ஊர்வலம் விடுகிறார்கள். போட்டோ எடுத்தவுடன் தட்டி குப்பைக்குப் போகின்றது. இதற்கும் தேர் இழுப்பதற்கும் என்ன வித்தியாசம்? தேராவது நிலைக்கு வந்து சேரும்!

மாத்திரை அட்டையில் சிவப்புக்கோடு இருந்தால் சீட்டில்லாமல் வாங்காதே என்று 2016-ல் சர்க்கார் பிரசாரம் செய்தது. கோட்டைக் காட்டிவிட்டால் போதுமா? கேட்பவர் சும்மா விடுவாரா? "போன தடவை இதே மாத்திரையில்தானே நின்றது?" என்பார். ஜலதோஷம் வைரஸால் வருவது, தானாகவே நிற்பது என்பதையும், அனாவசியமாய்ப் போட்ட மருந்துக்குத் தப்பிய வேறு கிருமிகள் பெருகி, நிஜமாய் வேண்டிய நாளில் அம்மருந்து பலிக்காமற்போகும் என்பதையும் அவருடைய பேச்சிலேயே சொல்லவேண்டும். அப்படிச் சொல்ல வாயைத் திறக்கும்போதுதான் தனக்கு எது விளங்கவில்லையென்பது மாணவருக்கே புலப்படும். (விபூதி பூசியதால் ஜுரம் நின்றது என்பாருக்கும் பதில் இதுவேதான்.)

ஆகவே கல்லூரிக்காரர்கள் ஊர்வலத்தைக் குறைத்து, ஆணும் பெண்ணுமாய் நான்கு மாணவர்களைச் சந்தையில் பெஞ்சு போட்டு உட்காரவைத்து, ஜனங்கள் கேட்ட கேள்விகளையே மறுநாள் வகுப்பில் பாடமாக்கவேண்டுமென்கின்றோம். பரீட்சை மார்க்கும் அதற்கே கொடுக்கட்டும்.